கேப்டன் அக்னிவேல் கை நீட்டிய நாள்

வசனக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நால்வருக்கும் என் அன்பு. போன வாரம் நீங்கள் அனுப்பிய காட்சியைப் படித்தேன். விண்கலத்தில் கோளாறு, கேப்டன் அக்னிவேல் கட்டுப்பாட்டுப் பலகையைக் கைமுட்டியால் குத்தி உடைக்கிறார், உடனே எல்லாம் சரியாகிவிடுகிறது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உங்களைக் கேலி செய்து என்ன பயன், இதே காட்சியை நானும் எழுதியிருக்கிறேன், அதுவும் மூன்று தடவை.

மூன்றாவது தடவை அது ஒளிபரப்பானபோது அப்பாவோடு உட்கார்ந்து பார்த்தேன். அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து நிலக்கரிச் சுரங்கத்தில் பர்மனென்ட் ஆகி, காலமெல்லாம் ஷிஃப்ட் பார்த்து, ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மந்தாரக்குப்பத்தில் வீடு கட்டியவர். மகள் எழுதும் தொடர் என்று ஒரு வாரம் விடமாட்டார். கேப்டன் பலகையை உடைத்ததும் நாற்காலியை முன்னால் நகர்த்திக்கொண்டார்.

"ஏட்டி, இவனுக்கு யாரும் மெமோ குடுக்க மாட்டாங்களா?"

"அவன்தாம்பா கேப்டன்."

"இருந்துட்டுப் போறான். மேல ஒருத்தன் இருப்பாம்லா? எங்க ஷிஃப்ட்ல ஒருத்தன் பேனலை இப்படி உடைச்சிருந்தாம்னா மறுநாள் கேட்டுக்குள்ளயே வந்திருக்க முடியாது."

அன்று அப்பா சிரித்த சிரிப்பு எனக்கு ஒரு வாரம் காதில் கேட்டது.

எங்கள் தொடரில் ஆம்பளைகள் எப்படி இருக்க வேண்டும் என்று சானலில் சட்டமே வைத்திருந்தார்கள். நாயகன் அழக் கூடாது. வழி கேட்கக் கூடாது. பால்வீதியில் தொலைந்துபோனாலும் கூடாது. டாக்டர் மேகலை என்று ஒரு விஞ்ஞானி பாத்திரம் உங்களுக்குத் தெரியும். அவள் மூன்று நிமிடம் மூச்சுவிடாமல் விளக்குவாள். கேப்டன் "நேரமில்லை" என்று சொல்லிவிட்டுச் சிவப்புப் பொத்தானை அழுத்துவார். அது சரியாகவும் இருந்து தொலைக்கும். பயப்படுவதற்கென்றே தனியாக ஓர் இன்ஜினியரை வைத்திருந்தோம். அவர் பயந்தால் பின்னணியில் கோமாளி இசை வரும். அழும் உரிமை எங்கள் விண்கலத்தில் ரோபோவுக்கு மட்டும்தான் இருந்தது. அது ஆம்பளைக் குரலில் பேசும், ஆனால் ஆம்பளை இல்லை, அதனால் பரவாயில்லை என்றார்கள். நானும் மனசுக்குள் அடைத்து வைத்திருந்ததையெல்லாம் ரோபோவுக்குப் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினேன். அந்த ரோபோ எதற்காக அப்படி அழுதது என்று இன்றுவரை யாரும் கேட்டதில்லை.

அப்பாவின் சிரிப்புக்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை. ஒரு காட்சியில் கேப்டனைத் "தெரியாது" என்று சொல்லவைத்தேன். ஒரே ஒரு சொல்தான். மறுநாள் காலையிலேயே சானல் அதிகாரி போனில் வந்துவிட்டார்.

"கேப்டனுக்கே தெரியாதுன்னா அப்புறம் யாருக்குத் தெரியும் மேடம்?"

"அந்த சீன்ல யாருக்குமே தெரியாது சார்."

"அப்ப தெரிஞ்ச மாதிரி நிக்கணும்ல."

அதோடு நிற்கவில்லை. வரப்போகும் சனிக்கிழமைக் காட்சியை அவரே வாயால் சொல்லி எழுதவைத்தார். இன்ஜின் அறையில் ஒருவன் மாட்டிக்கொண்டிருக்கிறான். கேப்டன் யாரிடமும் சொல்லாமல், யாரையும் கேட்காமல், ஓடுகிற சரக்குப் பெல்ட்டில் குதித்துத் தனியாகப் போகிறார். "இது நான் சொன்ன மாதிரி வரலைன்னா திங்கட்கிழமைலேர்ந்து வேற ரைட்டர்" என்று தேன் ஒழுகச் சொல்லிவிட்டு வைத்தார். இருபது வருஷம் மற்றவர்கள் பெயரில் எழுதிவிட்டு, ஐம்பது வயதில்தான் 'வசனம்' என்று என் பெயர் திரையில் வர ஆரம்பித்திருந்தது. அதை விட எனக்கு மனமே இல்லை. அவர் சொன்னதை ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதிக் கொடுத்தேன்.

படப்பிடிப்புக்கு இடம் பிடித்ததும் நான்தான். மந்தாரக்குப்பத்தைத் தாண்டி ஒரு காண்டிராக்டரின் யார்டு. பின்னால் சுரங்கத்திலிருந்து தோண்டிக் கொட்டிய மண்மேடுகள். கேமராவில் பார்த்தால் வேற்றுக்கிரகம் என்று சத்தியமே செய்யலாம். யார்டுக்குள், சுரங்கத்தில் மண் சுமந்து ஓடும் பெல்ட்டைப் பழுதுபார்த்து ஓட்டிப் பார்ப்பதற்கு ஐம்பதடி நீளத்தில் ஓர் அமைப்பு வைத்திருந்தார்கள். சுற்றிலும் வெள்ளித்தாள் ஒட்டினோம், விண்கலத்தின் சரக்குப் பாதை தயார்.

யார்டு முதலாளி இரண்டு நிபந்தனை போட்டார். ஐந்து மணிக்குள் முடித்துக்கொண்டு கிளம்ப வேண்டும். பெல்ட் ஓடும்போது அவருடைய ஆள் கயிற்றுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். கயிறு என்றால், பெல்ட்டின் ஓரமாக இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கட்டியிருப்பார்கள். இழுத்தால் பெல்ட் நின்றுவிடும். ஆபத்து என்று பட்டால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். பெரிய அதிகாரி, காண்டிராக்ட் ஆள் என்கிற பேச்சே அதில் கிடையாது.

அந்த ஆளின் பெயர் தங்கராசு. முத்தாண்டிக்குப்பத்துக்காரர். இருபது வருஷம் சுரங்கத்தில் காண்டிராக்டில் பெல்ட் பார்த்தவர். நிற்கும் இடம் கேமராவில் விழும் என்பதால் அவருக்கும் கார் மூடுகிற துணியில் தைத்த வெள்ளி உடுப்பை மாட்டி, விண்வெளிக் காவலன் ஆக்கினோம். மீசையை எடுக்கலாமா என்று கேட்ட உதவி இயக்குநரை அவர் ஒரு பார்வை பார்த்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

முதல் டேக். கேப்டன் முழங்கினார், "என் உயிர் எனக்குப் பெரிதல்ல." ஓடினார், குதித்தார். பெல்ட் நின்றது. கேப்டன் ஒரு கையை முன்னால் நீட்டியபடி சிலையாக நின்றார். இயக்குநர் ஓடிவந்தார்.

"ஏங்க நிறுத்துனீங்க?"

"ஆளு ஏறிட்டாருங்க."

"ஏறணும்ங்க. அதான் சீனே."

"ஏறக் கூடாதுங்களே" என்றார் தங்கராசு, இயக்குநருக்காக உண்மையிலேயே வருத்தப்பட்டு.

இரண்டாவது டேக்குக்கு முன்னால், தொடவே மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். கேப்டன் குதித்தார், இவர் இழுத்தார். "கை தானா போயிடுதுங்க, நான் இன்னாங்க பண்றது" என்று தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்றாவது டேக்கில் இயக்குநர் அவரை முதுகைக் காட்டி நிற்கச் சொன்னார். பார்க்காவிட்டால் இழுக்கமாட்டார் என்று நினைப்பு. ஆள் விழுந்ததும் பெல்ட் ஓடுகிற சத்தம் மாறுமாம். எங்கள் யாருக்கும் அப்படி ஒரு சத்தம் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது, திரும்பாமலே இழுத்துவிட்டார். யூனிட் மொத்தமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. லைட்மேன் பலாச்சுளை தின்ற கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இமை ஒட்டிக்கொள்ள, அவரை வேறு கழுவிவிட வேண்டியிருந்தது. கேப்டன் மட்டும் சிரிக்கவில்லை. தண்ணீர் வாங்கி வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார்.

மணி நாலு தாண்டியது. ஸ்டாண்டில் மாட்டி வைத்திருந்த செல்போனில், வீடியோ காலில், சானல் அதிகாரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு ஆளைப் போடச் சொல்லிக் கேட்டோம். தங்கராசு இல்லாவிட்டால் பெல்ட்டே கிடையாது என்று சொல்லிவிட்டு யார்டு முதலாளி ஆபீசுக்குள் போய்விட்டார். "மேடம், உங்க சீன்தானே, நீங்களே ஒரு வழி பண்ணுங்க" என்றது செல்போன். எனக்குத் திங்கட்கிழமை கண்முன்னால் வந்து நின்றது.

அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை உதித்தது. காவலன் கையில் ஒரு விளக்கு. அண்டா அளவுக்கு ஒரு பெரிய விளக்கு செட்டில் கிடந்தது, இரண்டு கையாலும் பிடித்தால்தான் தூக்க முடியும். 'காவலன் ஒளியை உயர்த்துகிறான்' என்று தாளில் எழுதினேன். இயக்குநர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் மூளையை நினைத்து எனக்கே புல்லரித்தது.

தங்கராசு விளக்கை வாங்கிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ரெண்டு கையும் இதுலயே இருக்குதேம்மா. கயிறு?"

"பெல்ட் மெதுவாத்தானே ஓடுது. ஒரு நிமிஷம்தான். நான் பாத்துக்கறேன்."

"நீங்க பாத்துக்கிறீங்களாங்க?"

"பாத்துக்கறேன்னு சொல்றேன்ல."

தலையை ஆட்டிவிட்டுப் போய் நின்றார். இப்போது நான் சொல்லப் போவதைக் கவனமாகக் கேளுங்கள். டேக் ஆரம்பித்ததும் நான் மானிட்டருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். கயிற்றை நான் பார்க்கவில்லை. என் வசனம் சரியாக வருகிறதா என்றுதான் பார்த்தேன்.

கேப்டன் முழங்கினார், ஓடினார், குதித்தார். பெல்ட் ஓடியது, நிற்கவில்லை. நான் உள்ளுக்குள் துள்ளினேன். நாலு விநாடி ஆகியிருக்கும். கேப்டனின் தோளிலிருந்து தொங்கிய நீளமான சிவப்பு அங்கியின் நுனி உருளைக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் போனது. துணி இழுத்தது, கழுத்து பின்னால் மடங்கியது, கேப்டன் தடாலென்று உட்கார்ந்தார். விளக்கு உடைகிற சத்தம் கேட்டது. தங்கராசு விளக்கைத் தன் காலிலேயே போட்டுவிட்டு, உடம்பு மொத்தத்தையும் கொடுத்துக் கயிற்றில் தொங்கினார். பெல்ட் நின்றது. கேப்டனுக்குக் கழுத்தில் ஒரு சிவந்த கோடு, அவ்வளவுதான். அங்கியை அவிழ்த்து, கைத்தாங்கலாகக் கீழே இறக்கினார் தங்கராசு.

சத்தம் கேட்டு யார்டு முதலாளி ஓடிவந்தார். கீழே கிடந்த விளக்கைப் பார்த்தார், தங்கராசைப் பார்த்தார்.

"ரெண்டு கையிலயும் லைட்டப் புடிச்சிக்கினு நின்னா கயித்த யார்யா பாக்குறது? உன்ன நம்பித்தான வுட்டுட்டுப் போனேன். நாளைலேந்து நீ வராத."

தங்கராசு குனிந்து உடைந்த துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இயக்குநர் தரையைப் பார்த்தார். ஸ்டாண்டில் இருந்த செல்போன், "யாரு அந்த லைட்டைக் குடுத்தது?" என்று கேட்டது.

நான் மூன்று விநாடி பேசாமல் நின்றேன். நிமிர்ந்து, முகத்தில் ஒன்றும் காட்டாமல், எல்லாம் தெரிந்த மாதிரி. வாரா வாரம் கேப்டனுக்கு நான் எழுதிய தோரணை அது. பெண்ணாகப் பிறந்து, ஆம்பளைகள் திரையில் அப்படி நிற்பதைப் பார்த்து அப்பாவோடு சேர்ந்து சிரித்தவள், என் நாற்காலிக்கு ஆபத்து என்றதும் அச்சு அசலாக அப்படியே நின்றேன். வெட்கத்தில் காது சுட்டது.

"நான்தான் குடுத்தேன்" என்றேன். "கயித்தை நான் பாத்துக்கறேன்னு அவர்கிட்ட சொன்னேன். பாக்கலை. அவர் மேல தப்பே இல்லை. அவரைப் போகச் சொல்லாதீங்க."

செல்போன், "சரி மேடம். திங்கட்கிழமை பேசிக்கலாம்" என்றது. அதன் அர்த்தம் எல்லாருக்கும் புரிந்தது.

அப்போது கேப்டன் பேசினார். வழக்கமான முழக்கம் இல்லை. "அக்கா, நானும் ஒண்ணு சொல்லிடறேன். எனக்கு முதல் டேக்லேர்ந்தே கால் நடுக்கம். அவர் கயித்தை இழுக்கறப்பல்லாம் மனசுக்குள்ள கும்பிட்டேன். கேப்டன் எப்படிப் பயமா இருக்குன்னு சொல்றதுன்னு வாயை மூடிக்கிட்டேன்."

இயக்குநர் தலையைச் சொறிந்தார். "அங்கி நீளம், குறைச்சுக்கலாம்னு டெய்லர் சொன்னாரு. நான்தான் ஸ்டைலா பறக்கட்டும்னு விட்டுட்டேன்."

யார்டு முதலாளிக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. "நானும் ஆபீஸ்ல பேன் காத்துல கண்ண மூடிட்டேங்க. கூட நின்னுருக்கணும்" என்றார்.

கடைசியாக, மூலையிலிருந்து கேமராமேன் கையைத் தூக்கினார், பள்ளிக்கூடப் பையன் மாதிரி. "சார், பயத்துல கேமராவை நிறுத்த மறந்துட்டேன். இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

கிளம்பியது பாருங்கள் ஒரு சிரிப்பு. இயக்குநர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கேப்டன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கால் விரல் வீங்கியிருந்த தங்கராசு, எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே எங்களோடு சேர்ந்து சிரித்தார்.

எல்லாரும் மானிட்டரைச் சுற்றி நின்று போட்டுப் பார்த்தோம். கேப்டன் அக்னிவேல், தலைக்கவசம் கோணலாக, பெல்ட்டில் உட்கார்ந்திருக்கிறார். கையை முன்னால் நீட்டுகிறார். "பயமா இருக்கு. யாராவது வாங்களேன்" என்கிறார். அவர் சொன்னது எங்கள் யாருக்கும் ஞாபகமே இல்லை, அவருக்கும் இல்லை. மீசை வைத்த விண்வெளிக் காவலன் ஒருவன் நொண்டிக்கொண்டே வந்து அந்தக் கையைப் பிடிக்கிறான். "ஆடாதீங்க. நின்னுபோச்சி. நான் பாத்துக்கினுதான் இருக்கேன்." யாரும் சிரிக்கவில்லை. லைட்மேன் மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார், இந்தத் தடவை கை கழுவியிருந்தது.

"கேப்டன் கையை நீட்டறாரே" என்றது செல்போன்.

"நீட்டறார் சார்" என்றார் இயக்குநர்.

"வேற டேக் இருக்கா?"

"மணி அஞ்சு சார். யார்டை மூடறாங்க."

பெருமூச்சு ஒன்று கேட்டது. "போடுங்க. வேற வழி? திங்கட்கிழமை பேசிக்கலாம்."

கிளம்பும்போது தங்கராசிடம் மன்னிப்புக் கேட்டேன். முதலாளி அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை, டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்க் காலைக் காட்டச் சொல்லியிருந்தார். "பரவால்லீங்க" என்றார் தங்கராசு. அப்புறம் சின்னக் குரலில், "அடுத்த தடவ, திரும்பிக்கிறதா இருந்தா சொல்லிட்டு திரும்பிக்குங்கம்மா" என்றார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு சுட்டிருக்காது.

திங்கட்கிழமை காலையில் பெட்டி கட்டாத குறையாக உட்கார்ந்திருந்தேன். போன் வந்தது. என் பெயரைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை, சனிக்கிழமைக் காட்சி பார்த்தவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். "மேடம், அடுத்த வாரம் எதுக்குப் பயப்படறாரு?" என்றார் சானல் அதிகாரி.

சிரிக்காதீர்கள். அதன்பிறகு ஏழு வாரம் கேப்டன் எதையாவது பார்த்துப் பயந்துகொண்டே இருந்தார். எரிகல்லுக்குப் பயந்தார், இருட்டுக்குப் பயந்தார், ஒரு வாரம் வேற்றுக்கிரகத்து நண்டுக்குப் பயந்தார். "அக்கா, ஒரு வாரமாவது என்னைத் தைரியமா இருக்க விடுங்க, வீட்ல பிள்ளைங்க நண்டு நண்டுன்னு கூப்பிடுதுங்க" என்று அந்த நடிகர் என்னிடம் கெஞ்சினார். குத்துவிடுகிறவனை எடுத்துவிட்டு, அவன் இடத்தில் நடுங்குகிறவனை வைத்தால் அதுவும் பொம்மைதான். அன்றைக்குப் பார்த்தவர்களுக்குப் பிடித்தது பயம் அல்ல. ஒருவன் கேட்டான், ஒருவன் வந்தான். அதை எனக்கு நானே புரியவைக்க ஏழு வாரம் ஆயிற்று, சானலுக்குப் புரியவைக்க ஏழு மாதம்.

எட்டாவது வாரத்துக்குப் பயம் எதுவும் தேறாமல் தங்கராசுக்குப் போன் போட்டேன். பெல்ட் பக்கத்தில் நிற்கும்போது நிஜமாகவே எதற்குப் பயப்படுவார் என்று கேட்டேன்.

"பெல்ட்டுக்கெல்லாம் பயம் இல்லீங்க. ஷிஃப்ட் முடிஞ்சி, நம்மள மாத்திவிட ஆளு வரலன்னாதான் வயித்தக் கலக்கும். வுட்டுட்டு வூட்டுக்கும் போவ முடியாது. எவ்ளோ நேரம்னு நிக்கிறது?"

அப்போது அதை வைத்து ஒரு நல்ல காட்சி எழுதினேன். அவ்வளவுதான் நினைத்தேன். போன மாதம், நான் விலகப் போகிறேன் என்று கடிதம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான், வேறு ரைட்டர் வந்துவிடுவாரோ என்று ஒரு காலத்தில் நடுங்கியவள், யாருமே வராமல் போய்விடுவார்களோ என்று நடுங்கிக்கொண்டிருப்பது எனக்குப் புரிந்தது. நீங்கள் நாலு பேர் வந்திருக்கிறீர்கள். எனக்கு இருக்கிற சந்தோஷத்தில் தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போல் இருக்கிறது.

எங்கள் ஊரில் ஷிஃப்ட் முடிந்து மாற்று ஆள் வந்ததும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார்கள். அதனால் கேளுங்கள். கேப்டன் புதன்கிரகச் சுற்றுப்பாதையில் இருக்கிறார், நலம், நண்டு என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். டாக்டர் மேகலை பேசும்போது இப்போதெல்லாம் அவர் முழுதாகக் கேட்கிறார், அதை நிறுத்திவிடாதீர்கள். இன்ஜினியருக்குக் கோமாளி இசையை எடுத்தாயிற்று. ரோபோ அழுவது கொஞ்சம் குறைந்திருக்கிறது. கட்டுப்பாட்டுப் பலகை நீங்கள் குத்தியதில் உடைந்து கிடக்கிறது, முதலில் அதைச் சரிசெய்யுங்கள். வேறு பிரச்சினை ஒன்றும் இல்லை. நான் திரும்பிக்கொள்கிறேன், சொல்லிவிட்டேன்.